இருவர், ஒரு கார், ஒரு கூடாரம்: ஸ்பிதிக்குக் கோடைப் பயணம்

தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடியின் உச்சி 2,695 மீட்டர். சண்டிகரில் கார் எடுத்துக்கொண்டு ஸ்பிதிக்குக் கிளம்பும் ஒரு தம்பதி முதல் நாள் இரவு தங்குகிற நார்க்கண்டா ஏறக்குறைய அதே உயரத்தில்தான் இருக்கிறது. இதிலிருந்து இன்னும் ஒன்றரைக் கிலோமீட்டர் செங்குத்தாக ஏறினால்தான் சந்திரதால் ஏரி வரும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் எத்தனை கோடை போய் வந்தவர்களானாலும் அந்த உயரம் அவர்கள் உடம்புக்குப் புதிது.

இமாச்சலப் பிரதேசத்தின் இந்தச் சுற்றுப்பாதை சிம்லா வழியாக ஏறி, கின்னௌர் மாவட்டத்தைக் கடந்து, ஸ்பிதிப் பள்ளத்தாக்கு முழுவதையும் தொட்டு, குன்சூம் கணவாய் வழியே மணாலியில் இறங்குகிறது. சண்டிகரில் தொடங்கிச் சண்டிகரில் முடித்தால் ஆயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட வரும். தூரம் பெரிதில்லை, சென்னையிலிருந்து கன்னியாகுமரி போய்த் திரும்பினால் இதைவிட அதிகம். ஆனால் அதை ஒன்றரை நாளில் முடிப்பவர்களுக்கு இதற்குப் பத்து நாளாவது வேண்டும். பத்து நாள் ஒதுக்க முடியாதவர்கள் ஸ்பிதியை இன்னொரு வருடத்துக்குத் தள்ளி வைப்பதே நல்லது.

கிளம்புவதற்கு முன் ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும். இரண்டு பேர் மட்டும் போகிற பயணத்தில் ஒருவர் படுத்துவிட்டால் மிச்சம் இருப்பது ஒரே ஒருவர். வீட்டில் ‘வண்டி அவர் பாடு, அடுப்பு இவர் பாடு’ என்று நடக்கிற ஏற்பாடு 4,000 மீட்டரில் செல்லாது. கியர் வண்டி ஓட்டுவது, சக்கரம் மாற்றுவது, கூடாரம் அடிப்பது, அடுப்பு பற்ற வைப்பது, அடுத்தவர் உடம்பில் மலைநோய் தெரிகிறதா என்று பார்ப்பது எல்லாம் இருவருக்கும் கைவர வேண்டும். மனைவிக்கு ஓட்டுநர் உரிமம் இருந்தும் பல வருடமாக ஸ்டியரிங்கைத் தொடவில்லை என்றால், பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே அவர் ஓட்ட ஆரம்பிக்க வேண்டும். அதற்கு நம்மூரிலேயே இடம் இருக்கிறது. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறை ஏற்றத்தில் 40. ஏறும்போது அவர், இறங்கும்போது இவர் என்று மாறி மாறி ஓட்டிப் பார்க்கலாம். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல், ஏறிய கியரிலேயே இறங்கும் பழக்கம் அங்கே படிந்துவிட்டால் இமயத்திலும் கைகொடுக்கும். வழி விடும் விதியும் ஒன்றுதான். குறுகலான மலைப்பாதையில் இறங்கி வருகிற வண்டி நின்று, ஏறி வருகிற வண்டிக்கு வழி விட வேண்டும்.

எப்போது போவது? நம்மூர்க் கோடை விடுமுறை மே மாதத்தில் முடிந்துவிடுகிறது. குன்சூம் கணவாயோ பெரும்பாலும் மே கடைசியிலோ ஜூனிலோதான் பனி அகற்றித் திறக்கப்படுகிறது. மே மாதம்தான் வசதி என்பவர்கள் சிம்லா வழியாக, ஸ்பிதியில் உள்ள காஸா வரை போய், வந்த வழியே திரும்பலாம். சந்திரதாலை விட்டுவிட வேண்டியதுதான். ஜூன் பாதிக்கு மேல் போக முடிந்தால் முழுச் சுற்றும் கிடைக்கும்.

ஜூலையும் ஆகஸ்டும் ஏமாற்றுகிற மாதங்கள். ஸ்பிதி மழை மறைவுப் பிரதேசம் என்பது உண்மைதான். ஆனால் அங்கே போய்ச் சேருவதற்குக் கடக்க வேண்டிய கின்னௌர் அப்படி இல்லை. 2021 ஜூலை 25 அன்று சாங்லா பள்ளத்தாக்கின் பட்சேரியில் மலையிலிருந்து உருண்ட பாறைகள் வாகனத்தில் விழுந்து ஒன்பது சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். அதற்கு மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், ஆகஸ்ட் 11 அன்று, நிகுல்சாரியில் சரிந்த மலை ஒரு பேருந்தையும் மற்ற வண்டிகளையும் மூடி 28 உயிர்களைக் கொண்டு போனது. 2023 ஜூலையில் சந்திரதாலில் பனி கொட்டி, ஏறக்குறைய 300 பேர் நாட்கணக்கில் மாட்டிக்கொண்டு பிறகு மீட்கப்பட்டார்கள். ஜூலையில் பனியா என்று நமக்குத் தோன்றும். அந்த உயரத்தில் எந்த மாதத்திலும் பனி விழலாம். ஆகவே திரும்பும் விமானச் சீட்டுக்கும் மணாலி சேரும் நாளுக்கும் இடையே இரண்டு நாளாவது சும்மா இருக்க வேண்டும்.

இனி ஏறும் முறை. 3,000 மீட்டருக்கு மேல் போனபின், இன்று படுக்கும் இடம் நேற்றுப் படுத்த இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே ஊரில் இன்னொரு இரவு தங்க வேண்டும். பகலில் எவ்வளவு உயரம் போய் வந்தாலும் கணக்கு வைப்பது படுக்கையைத்தான். இந்தக் கணக்குப்படி நார்க்கண்டா, பிறகு சாங்லா 2,700, கல்பா 2,960 என்று ஏறலாம். கல்பாவுக்கு அடுத்து எல்லோரும் நாக்கோவில் ஏரிக்கரையோரம் தங்க ஆசைப்படுவார்கள். நாக்கோ 3,660 மீட்டர். ஒரே தாவலில் 700 மீட்டர். அதைவிட நாக்கோவில் இறங்கி, ஏரியைச் சுற்றி வந்து, தேநீர் குடித்துவிட்டு, 3,280 மீட்டரில் உள்ள தாபோவில் போய்ப் படுப்பது புத்திசாலித்தனம். தாபோவில் இரண்டு இரவு தங்குவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. 996இல் எழுந்த மண் மடாலயம், உள்ளே ஆயிரம் வருடத்துச் சுவரோவியங்கள். வெளியே வெயில் கண்ணைக் கூச வைக்கும். உள்ளே இருட்டுக்குக் கண் பழகப் பழகத்தான் சுவரில் நீலமும் சிவப்பும் மெல்ல வெளியே வரும். புகைப்படம் எடுக்கக் கூடாது. அது ஒருவகையில் நல்லதே, நின்று பார்க்கலாம்.

தாபோவிலிருந்து பகலில் தன்கருக்குப் போய் வரலாம். கோட்டை மடாலயத்துக்கு மேலே ஒரு மணி நேரம் ஏறினால் சின்ன ஏரி ஒன்று இருக்கிறது. அந்த ஏற்றத்தில் மூச்சு எப்படி வாங்குகிறது என்று பார்த்தாலே உடம்பு எவ்வளவு தூரம் பழகியிருக்கிறது என்று தெரிந்துவிடும். அடுத்தது காஸா, சுமார் 3,700 மீட்டர், மூன்று இரவு. பெட்ரோல் பங்க், ஏடிஎம், அரசு மருத்துவமனை எல்லாம் இருக்கிற ஊர் அது. அங்கிருந்து கீ மடாலயம், கிப்பர், 2017இல் திறந்த சிச்சம் பாலம், 4,400 மீட்டரில் அஞ்சலகம் நடக்கிற ஹிக்கிம் என்று பகலில் மேலே போய் இரவில் கீழே வந்து படுக்கலாம். ஹிக்கிமிலிருந்து வீட்டுக்கு ஒரு தபால் அட்டை போடலாம்; தம்பதிக்குப் பின்னாலேயே அது ஊர் வந்து சேரும். லாங்சா சரிவுகளில் கடல் உயிரிகளின் புதைபடிவங்கள் கிடக்கும். இமயம் எழுவதற்கு முன் அங்கே டெத்திஸ் கடல் இருந்தது. கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கிடந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். யாராவது விற்க வந்தாலும் வாங்கக் கூடாது.

இதே பயணத்தை மணாலியிலிருந்து தொடங்கினால் நாள் மிச்சமாகும் என்று சிலர் சொல்வார்கள். மணாலி 2,050 மீட்டர், சந்திரதால் ஏறக்குறைய 4,250. ஒரே பகலில் 2,200 மீட்டர் ஏறி அங்கேயே படுத்தால், அன்று நள்ளிரவில் தலை பிளக்கும் வலியோடு எழுந்திருப்பவர்கள் ஏராளம்.

மலைநோயை இருவரும் ஒளித்துப் பேசுவதுதான் பெரிய ஆபத்து. “என்னங்க, தலை வலிக்குதா?” என்று கேட்டால், “ஒண்ணுமில்ல, ராத்திரி சரியாத் தூக்கமில்ல” என்று பதில் வரும். அடுத்தவர் ஆசைப்பட்டு வந்த பயணம் தன்னால் கெட வேண்டாமே என்ற அன்புதான் அதற்குக் காரணம். அந்த அன்பே ஆளைக் கொன்றுவிடும். ஆகவே காலையிலும் மாலையிலும் ஒருவரை ஒருவர் கேட்டே ஆக வேண்டும்: தலைவலி, குமட்டல், பசியின்மை, தலைசுற்றல். தலைவலியோடு இவற்றில் ஒன்று சேர்ந்தால் அன்று மேலே போகக் கூடாது. தரையில் ஒரு கோடு கிழித்து, குதிகாலைப் பெருவிரலோடு ஒட்டி ஒட்டி வைத்து நடக்கச் சொல்ல வேண்டும். தள்ளாடினால் மூளையில் நீர் கோத்திருக்கலாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமலில் நுரை வந்தால் நுரையீரலில் நீர் சேர்ந்திருக்கலாம். இரண்டுக்கும் முதல் வைத்தியம் உடனே கீழே இறங்குவது. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. படுத்திருப்பவரை வண்டியில் ஏற்றி இருட்டில் ஓட்டிக்கொண்டு இறங்க வேண்டியவர் மற்றவர்தான். இரண்டு பேருக்கும் வண்டி ஓட்டத் தெரிய வேண்டும் என்று முதலில் சொன்னது இந்த இரவுக்காகத்தான்.

அசிட்டசோலமைடு மாத்திரை உடம்பு பழகுவதற்கு உதவும். தடுப்புக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், தினம் இருமுறை, ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்து. சல்பா ஒவ்வாமை உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. மற்றவர்களும் கேட்டே வாங்குவது நல்லது. விரல் நுனி மதமதப்பதும் அடிக்கடி சிறுநீர் வருவதும் அந்த மாத்திரையின் குணம், பயப்பட வேண்டியதில்லை. அது வலியை மறைக்கிற மருந்து இல்லை. வேகமாக ஏறுவதற்கு அனுமதிச் சீட்டும் இல்லை.

வாடகைக்குக் கார் எடுக்கும்போது நம்பர் பலகையைப் பார்க்க வேண்டும். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால்தான் அது சுயமாக ஓட்டிக்கொள்ள முறைப்படி வாடகைக்கு விடுகிற வண்டி. சொந்தக் காரை வாடகைக்குத் தருகிறேன் என்பவர்களிடம் வாங்கினால், விபத்து நடந்தால் காப்பீடு கிடைக்காமல் போகலாம். அடிப்பகுதி தரையிலிருந்து நன்றாக உயர்ந்திருக்கும் வண்டி வேண்டும். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் குன்சூம் உயரத்தில் தன் பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடும். ஏற்றத்தில் முதல் கியரிலேயே முனக வேண்டி வரும். காஸாவை விட்டுக் கிளம்பினால் மணாலி வரை 200 கிலோமீட்டருக்கு நம்பக்கூடிய பங்க் இல்லை. முழு டேங்க், ஸ்டெப்னி, பஞ்சர் ஒட்டும் சாமான், காற்றடிக்கும் பம்பு, கையில் ரொக்கம். வழியில் வரும் லோசரைத் தாண்டியபின் நெடுநேரம் போனில் சிக்னல் கிடைக்காது. அதற்காகச் சாட்டிலைட் போன் கொண்டு போகலாமா என்றால், உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். ‘நாளை மாலை மணாலியிலிருந்து கூப்பிடுவோம்’ என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவதே வழி.

கூடாரத்தை முதன்முதலில் விரிக்க வேண்டிய இடம் வீட்டு மொட்டை மாடி. கடையில் இரண்டு நிமிடத்தில் நின்ற கூடாரம் மாடிக் காற்றில் பத்து நிமிடம் படுத்தும். ஒருவர் காற்று வரும் பக்கத்து மூலைகளைக் காலால் மிதித்துப் பிடிக்க, மற்றவர் கம்பியைச் செருகி வளைக்க வேண்டும். பிறகு ஆள் மாறி அதையே செய்ய வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு செய்ய வருகிறதா என்றும் பார்க்கலாம், ஸ்பிதியில் பல நாள் இருட்டில்தான் செய்ய நேரும். மாடியில் முளை அடிக்க முடியாது. சந்திரதாலின் சரளைத் தரையிலும் முளை சரியாக இறங்காது. கயிற்றைக் கல்லில் கட்டி, அந்தக் கல்லின்மேல் இன்னொரு பெரிய கல்லை ஏற்றும் வித்தையை மாடியில் செங்கல்லை வைத்தே பழகிவிடலாம். மதியத்துக்கு மேல் ஸ்பிதியில் காற்று வலுக்கும். மேல் விரிப்பு தரை வரை இறங்குகிற இரட்டை அடுக்குக் கூடாரமே அங்கே நிற்கும்.

உறங்கு பை வாங்கும்போது அதில் இரண்டு வெப்பநிலை அச்சிட்டிருக்கும். ‘கம்ஃபர்ட்’ என்ற எண் ஒரு சராசரிப் பெண்ணுக்காகவும், அதைவிடக் குறைவான ‘லிமிட்’ என்ற எண் ஒரு சராசரி ஆணுக்காகவும் சோதித்துக் குறிக்கப்படுபவை. கடைக்காரர் காட்டுவது பெரும்பாலும் குறைந்த எண்ணைத்தான். மனைவிக்கும் கணவனுக்கும் ஒரே பை வாங்கினால் முதலில் குளிரப்போவது மனைவிக்கு. இருவரும் கம்ஃபர்ட் எண்ணைப் பார்த்தே வாங்கட்டும். சந்திரதாலில் ஜூனிலும் இரவு பூஜ்யத்தைத் தொடலாம், கீழேயும் இறங்கலாம். ஒன்றில் இடப்பக்கம் ஜிப், இன்னொன்றில் வலப்பக்கம் ஜிப் என்று ஒரே மாதிரியில் வாங்கினால் இரண்டையும் இணைத்து ஒரே பையாக்கிவிடலாம். அடியில் விரிக்கும் பாயைக் கஞ்சத்தனமாக வாங்கக் கூடாது. குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் ஏறும்.

எங்கே அடிப்பது? ஆற்றங்கரை மணல்திட்டு கண்ணுக்கு அழகாக இருக்கும். அங்கே மட்டும் கூடாது. 2014 ஜூன் 8 அன்று இமாச்சலத்தின் பியாஸ் ஆற்றில் படம் எடுத்துக்கொண்டிருந்த ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேர், லார்ஜி அணையிலிருந்து திடீரென்று திறந்துவிட்ட தண்ணீரில் போய்விட்டார்கள். இந்தப் பயணத்தில் நாள்கணக்கில் கூடவே வருகிற சட்லெஜிலும் அணைகள் இருக்கின்றன. நதிப்படுகையை விட்டு விலகிய மேட்டில், மேலே கல் சரியும் சரிவு இல்லாத இடத்தில், கிராமத்தாரைக் கேட்டுவிட்டு அடிக்க வேண்டும். நார்க்கண்டாவிலும் கல்பாவிலும் விடுதித் தோட்டத்திலேயே கூடாரம் போட இடம் கேட்டுப் பார்க்கலாம்.

சமையல் விஷயத்தில் தமிழர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. சந்திரதாலில் தண்ணீர் ஏறக்குறைய 86 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. கொதிக்கிறதே என்று அரிசியைப் போட்டால் அரை மணி கழித்தும் நடுவில் நறுக்கென்று கடிபடும். பருப்போ வேகவே வேகாது. இரண்டு லிட்டர் குக்கர் ஒன்று பையில் இருந்தால் பிரச்சினை தீர்ந்தது; வீட்டில் மூன்று விசில் என்றால் அங்கே ஐந்தாறு விசில் விட வேண்டும். குக்கர் சுமக்க மனமில்லாதவர்களுக்கு அவல் இருக்கிறது. வெந்நீரில் நனைத்து, புளிக்காய்ச்சல் ஒரு ஸ்பூன் பிசைந்தால் ஐந்து நிமிடத்தில் சாப்பாடு. வறுத்த ரவையும் அந்த உயரத்துக்கு ஏற்றது. பருப்புப் பொடி, நாரத்தங்காய் ஊறுகாய், கோவில்பட்டிக் கடலைமிட்டாய் ஆகியவற்றோடு பசியே எடுக்காத நாட்களையும் ஓட்டிவிடலாம். மற்ற நேரத்துக்குத் தாபாக்களில் ராஜ்மா சோறும் துக்பா என்ற நூடுல்ஸ் சூப்பும் கிடைக்கும்.

கேஸ் குப்பியை விமானத்தில் கொண்டுபோக முடியாது, சண்டிகரில்தான் வாங்க வேண்டும். வெறும் பியூட்டேன் பூஜ்ய டிகிரியில் ஆவியாக மறுக்கும். ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த குப்பி வேண்டும். இரவில் குப்பியை உறங்கு பைக்குள் வைத்துக்கொண்டால் காலையில் அடுப்பு சண்டித்தனம் செய்யாது. வெளியே காற்றடிக்கிறதென்று அடுப்பைக் கூடாரத்துக்குள் வைப்பதும், கரித்தணலை உள்ளே இழுத்துவைத்துக் குளிர்காய்வதும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குகிறவரை எழுப்பாமலே கொன்றுவிடும்.

ஒன்பதாம் நாள் காஸாவிலிருந்து அதிகாலையில் கிளம்ப வேண்டும். லோசரில் பாதை நிலவரம் விசாரித்துக்கொண்டு ஏறினால் குன்சூம் கணவாய், 4,551 மீட்டர். அங்கே தேவியின் கோயிலை வண்டியோடு ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் உள்ளூர் ஓட்டுநர்கள் இறங்குவார்கள். இறக்கத்தில் சந்திரதாலுக்குப் பிரியும் பாதை ஒற்றை வண்டி அகலம். எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் எடுக்க வேண்டும். ராம்சார் ஈரநிலப் பட்டியலில் 2005இல் இடம்பெற்ற ஏரி அது. கரையில் கூடாரம் போடத் தடை. முகாம்கள் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. வண்டியை நிறுத்திவிட்டு நடந்துபோய் ஏரியைச் சுற்றி வரலாம். குளிக்கவோ சோப்புப் போடவோ கூடாது. மலம் கழிக்க முகாமின் கழிப்பறை இல்லாத இடத்தில், தண்ணீரிலிருந்து 60 மீட்டருக்கு அப்பால் ஒரு சாண் ஆழக் குழி தோண்டி மூட வேண்டும். நாப்கின், ஈரத்தாள், பிளாஸ்டிக் எல்லாம் தனிப் பையில் கட்டி மணாலிக்கு வர வேண்டும்.

கடைசிச் சோதனை அடுத்த நாள் காலை. சந்திரதாலிலிருந்து இறங்கியதும் வரும் பாத்தலிலிருந்து கிராம்பூ வரை சுமார் 50 கிலோமீட்டர், நான்கைந்து மணி நேரம். பனியாறுகளிலிருந்து வருகிற ஓடைகள் பாதைக்குக் குறுக்கே ஓடும், நாலா என்பார்கள். இரவில் உறைகிற பனி வெயில் ஏற ஏற உருகுவதால், காலை ஏழு மணிக்குக் கணுக்கால் அளவு இருந்த நாலா பிற்பகல் மூன்று மணிக்கு முழங்காலைத் தாண்டி வண்டியைத் தள்ளும். பாத்தலை ஏழு மணிக்குள் கடந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

நாலாவின் முன்னால் முதலில் வண்டியை நிறுத்த வேண்டும். முன்னால் ஒரு லாரியோ உள்ளூர் ஜீப்போ போகும் வரை காத்திருந்து, அதன் சக்கரம் எங்கே எவ்வளவு முங்குகிறது என்று இருவரும் பார்க்க வேண்டும். சக்கரத்தின் நடுக்குடத்துக்கு மேல் தண்ணீர் இருந்தால் சாதாரணக் கார் இறங்கக் கூடாது. இறங்கினால் முதல் கியர், சீரான ஆக்ஸிலேட்டர். நடுவில் கியர் மாற்றுவதோ, காலை எடுப்பதோ, நிறுத்துவதோ கூடாது. அடியில் கல் உருளும் சத்தம் கேட்கும், ஸ்டியரிங் கையில் நடுங்கும், அப்போதும் கால் அசையக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் ஜன்னலை இறக்கிவிட்டுத் தன் பக்கத்துச் சக்கரத்தைப் பார்த்து ‘வலது, வலது, நேரா’ என்று மட்டும் சொல்ல வேண்டும். வேறு பேச்சு வேண்டாம். கரை ஏறியதும் மெதுவாக ஓட்டியபடியே பிரேக்கை இரண்டு மூன்று முறை மிதித்து, நனைந்த பிரேக்கை உலர்த்திக்கொள்ள வேண்டும். சந்தேகம் இருந்தால் திரும்பி பாத்தலுக்கே வந்து இன்னொரு இரவு தங்கிவிடலாம். ஒதுக்கி வைத்த இரண்டு நாள் அதற்குத்தான்.

கிராம்பூவுக்கு அடுத்து வரும் கோக்சரைத் தாண்டியதும் தார் ரோடு, போனில் சிக்னல். வீட்டுக்குச் சொல்லிவிட்டு, 2020 அக்டோபரில் திறந்த 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதைக்குள் நுழைந்தால், வறண்ட மண்மலைகள் அந்தப் பக்கமே நின்றுவிடும். வெளியே வரும்போது தேவதாரு மரங்களும் ஈரக்காற்றும். மணாலியில் முதல் வேலை கூடாரத்தைப் பிரித்து விடுதிக் கொடியில் போடுவது. பனியில் நனைந்த துணியை அப்படியே சுருட்டி ஊருக்குக் கொண்டுவந்தால், நம்மூர் ஈரத்தில் ஒரு வாரத்தில் பூஞ்சை பிடித்துவிடும். மிச்சமிருக்கும் கேஸ் குப்பியை, அடுத்த நாள் மேலே ஏறப்போகிற வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம்.